கூப்பனுக்கு வைத்த பொட்டு

என் மருமகளின் கல்யாண ஆல்பத்தில் இப்போது கல்யாணம் இல்லை. தாலி கட்டும் போட்டோ இருந்த இடத்தில் டீத்தூள் பாக்கெட்டுக்குள் வந்த சீட்டுகள் இருக்கின்றன. ஐந்து சேர்த்தால் ஒரு கண்ணாடி டம்ளர். பெண் அழைப்புப் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. நானும் என் வீட்டுக்காரரும் முறைப்பாக நின்றிருந்த பக்கத்தில், 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று ஒரு துணி சோப்புக் கூப்பன் இளித்துக்கொண்டிருக்கிறது. போட்டோக்களை எல்லாம் உருவிப் பழைய துண்டில் மூட்டை கட்டி, பீரோ மேலே போட்டுவிட்டாள்.

"ஏம்மா, கட்டுன தாலிய விடச் சோப்பு பெருசாப் போச்சா?" என்று கேட்டேன்.

"போட்டோவுக்குக் கடைசித் தேதி கெடையாதுங்க அத்தை. இதுக்கெல்லாம் இருக்குது" என்றாள்.

அவள் எல்லாவற்றையும் கடைசித் தேதி வாரியாகத்தான் அடுக்குவாள். இந்த வாரம் முடிவது முதல் பக்கம், அடுத்த மாதம் முடிவது நடுப்பக்கம், தீபாவளி தாண்டுவது பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும் நேரத்தில் ஆல்பத்தை விரித்து, முடிந்துபோனதை எடுத்து அடுப்புக்கு அருகில் வைப்பாள். எனக்கும் ஒரு தேதி குறித்து எந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறாளோ என்று நான் அடிக்கடி புரட்டிப் பார்ப்பதுண்டு.

நானும் கூப்பன் பிரிப்பேன். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் எனக்குப் புள்ளியில்லாத கோலம். கூப்பன் முக்கால்வாசி இங்கிலீஷில்தான் வருகிறது. அதனால் மூக்கால் பிரிப்பேன். சோப்பு உறையை வெட்டிய கூப்பன் சோப்பு வாசனை அடிக்கும். டீத்தூள் சீட்டு டீ மணக்கும். ஊதுபத்திக் கூப்பனைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம். பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் டப்பாவில் பூண்டு ஊறுகாய் கொட்டி, எல்லாமே ஊறுகாய்க் கூப்பன் ஆகிவிட்டது. அன்றிலிருந்து பொறுப்பு முழுவதும் மருமகள் கைக்குப் போனது.

எங்கள் ஊர் மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்சம் உள்ளே தள்ளி. வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டில் நான், மகன், மருமகள் மூன்று பேர். மகன் சாமந்தி போட்டிருக்கிறான். பூ விலை ஏறினால் வீட்டில் அவனுடைய குரலும் ஏறும். இறங்கினால் ரசம்கூட உறைக்கிறது என்பான். அவனுக்கும் கூப்பன் உண்டு, போனுக்குள். விரலால் சுரண்டுவான். 'அடுத்த முறை பாருங்கள்' என்று வரும். மறுபடி சுரண்டுவான். இந்தச் சுரண்டலுக்குத் தேங்காய் துருவியிருந்தால் ஒரு சட்னியாவது ஆகியிருக்கும்.

மருமகள் இத்தனை தீவிரமாக ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடாமல் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதன் மேல் இப்போது வெங்காயக் கூடை இருக்கிறது. மாவு ஆட்டப் பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வீட்டுக்காரி ஊருக்கெல்லாம் இட்லி மாவு விற்கிறாள். வாங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேரும் ஒரு நர்ஸும் மருமகளிடம் சொல்லியிருந்தார்கள்: "நீங்க ஆட்டுனா தெனமும் உங்ககிட்டயே வாங்கிக்கிறோம்." அதிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் மாவுதான். சொந்தமாக ஒரு கிரைண்டர், வாசலில் ஒரு அட்டை, நான்கு பாக்கெட் மாவு. இதைத்தான் அவள் கேட்டாள்.

மகனிடம் கேட்டதற்கு, "வாங்கிக் குடுத்தா நாலு நாள் ஆட்டுவ. அஞ்சாம் நாள் அதுமேல துணி காயும்" என்றான்.

"உங்க காசுல வாங்குனாத்தானே அப்படிச் சொல்லுவீங்க? உங்க காசே வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டில் சண்டை நடக்கும்போது கிள்ளினால் அவரைக்காய் சீக்கிரம் தீரும்.

அந்த ஆடி மாதம்தான் தர்மபுரியில் ஒரு பெரிய மளிகைக் கடை நாற்பது கூப்பனுக்கு ஒரு கிரைண்டர் தருவதாக அறிவித்தது. கொஞ்சம் பெரிய பில் போட்டால் ஒரு கூப்பன், அதைவிடப் பெரிய பில்லுக்கு இரண்டு, மூன்று. தீபாவளிக்கு முந்தின ஞாயிறுவரை கெடு. எங்கள் வீட்டுச் சாமானுக்கு மாதம் இரண்டு கூப்பன் வந்தால் அதிகம். அந்தக் கணக்கில் போனால் கிரைண்டர் வருவதற்குள் நான் போய்ச் சேர்ந்து, என் திதிக்கு வடை சுட உளுந்து ஆட்டலாம்.

மருமகள் விடவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய், "நான் டவுனுக்குப் போறன், உங்க சாமானையும் வாங்கியாரன், கூப்பன் மட்டும் எனக்குக் குடுத்துருங்க" என்றாள். யாருக்குக் கசக்கும்? உட்கார்ந்த இடத்தில் துவரம்பருப்பு வருகிறதென்றால் எங்கள் தெரு ராகி களியைக்கூட டவுனிலிருந்து கிண்டி வரச் சொல்லும். வாரம் இரண்டு நாள் அவள் இரண்டு கையிலும் பைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். பின்னாலேயே கண்டக்டர் எண்ணெய் டின்னை இறக்கி வைப்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மளிகை லிஸ்ட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் உட்கார்ந்தேன். இறந்தவரின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "சாமானெல்லாம் எங்க வாங்கறீங்க?" என்றேன்.

"இங்கயே மொரப்பூர்லதான் அக்கா."

"அவரு வாய்க்கு ருசியாச் சாப்புட்டவராச்சே. தர்மபுரிப் பருப்பு போடாம அனுப்பினா ஆத்மா சாந்தியடையுமா?" என்று மறுபடி அழுதேன்.

நான்கு கூப்பன் வந்தது. மருமகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் பாவமுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே ஆல்பத்தில் செருகினாள்.

ஆயுத பூஜை வந்தபோது இருபத்து நான்கு கூப்பன் சேர்ந்திருந்தது. அன்று மகன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். மருமகள் பொம்மிடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பொரிகடலை கொடுக்கப் போயிருந்தாள். பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், மகனின் வண்டி, டிவி, மிக்சி, கேஸ் அடுப்பு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஓடாத கிரைண்டருக்கும் வைத்தேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கும் இலை போடுகிறோம் இல்லையா?

கடைசியில் ஆல்பம் கண்ணில் பட்டது. இந்த வீட்டில் இப்போது உழைக்கிற சாமான் இதுதான், இதை விட்டால் எப்படி என்று தோன்றியது. இருபத்து நான்கையும் வெளியே எடுத்துப் பாயில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் கறுப்பாகக் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் இருந்தது. சாமான் எதுவானாலும் முகத்தில்தானே பொட்டு வைப்போம். இந்தச் சீட்டுக்கு முகம் இந்தச் சதுரம்தான் என்று முடிவு செய்து, அதன் நட்டநடுவில் கட்டை விரலால் அழுத்திச் சந்தனம், மேலே குங்குமம். சந்தனம் கொஞ்சம் தண்ணீராகக் கரைந்திருந்ததால் சிலதில் கீழே இருந்த எண்கள் மேலும் வழிந்தது. முதலில் பெரிய பெரிய பொட்டாக வைத்தேன். போகப் போக இடுப்பு வலி எடுத்ததால் கடைசி ஏழெட்டுக்குச் சின்னதாகிவிட்டது. வெயிலில் காயவைத்து மறுபடி செருகினேன்.

மருமகள் சாயங்காலம் வந்து பார்த்தாள். "நல்லாப் பண்ணீங்க அத்தை, எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று ஆல்பத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதைச் சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் அவள் இப்போது இதைச் சொல்வதில்லை.

கெடு முடியும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் நாற்பதாவது கூப்பன் வந்தது. மறுநாள் இருவரும் தர்மபுரிக்குக் கிளம்பினோம். கிரைண்டரைக் கட்டித் தூக்கப் பழைய வேட்டி ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டாள். "காலி வேட்டியோட திரும்பி வராதீங்க" என்று மகன் வாசலில் நின்று சிரித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் கல்யாண வீட்டுக் கூட்டம். ஏசி வேறு; எனக்குப் பல் கிட்டியது. பில் போடும் பெண்ணிடம் மருமகள் நாற்பதையும் நீட்டினாள். அந்தப் பெண் பொட்டு வைத்த கூப்பனைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் காட்டினாள். புதுக் கூப்பன்களுக்கு 'டிக்' என்றது. சின்னப் பொட்டு வைத்தவற்றுக்கும் கொஞ்சம் யோசித்து 'டிக்' என்றது. பெரிய பொட்டுக்கு மூச்சே விடவில்லை.

"பாட்டி, இதெல்லாம் ஸ்கேன் ஆவாது. யாரு இதுல குங்குமம் வெச்சது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தேன். அந்தக் கடையில் ஃபேன் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நாற்பதில் பதினேழு ஓடவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டார்கள். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. நல்ல மனிதர்தான். உட்கார்ந்து, சந்தனத்தை நகத்தால் சுரண்டி, தெரிந்த எண்களைக் கையாலேயே தட்டிப் பார்த்தார். எட்டு தேறியது. மீதி ஒன்பதில் குங்குமம் ஊறிப் போயிருந்தது. சுரண்டச் சுரண்டக் காகிதம்தான் வந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார் மருமகளிடம்.

அவர் கையில் இருந்த மிஷினை அப்போது கவனித்தேன். அதன் பிடியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. எனக்குத் தெம்பு வந்தது.

"ஏங்க, உங்க மிஷினுக்குப் பொட்டு வெச்சா சாமி கும்புடறது, என் சீட்டுக்கு வெச்சா குத்தமா?"

அவர் மிஷினைத் திருப்பிப் பார்த்தார். "ஆயா, நாங்க கைப்பிடிக்கு வெச்சோம். நீங்க கண்ணுக்குள்ள வெச்சுட்டீங்க" என்றார்.

நான் அவர் பையிலிருந்த பேனாக்களை எண்ண ஆரம்பித்தேன்.

மருமகள் திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல்லி ஆறியிருப்பேன். அவள் அந்த வேட்டியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு, ஊறுகாய் பாட்டில் அடுக்கிய வரிசைக்குள் போய் நின்றுகொண்டாள். எட்டிப் பார்த்தேன். எலுமிச்சை ஊறுகாயை எடுத்து ரொம்ப நேரம் படித்தாள். ஊறுகாய் பாட்டிலில் அழுகிற மாதிரி எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம்வரை கெடு இருந்தது. நான் வெளியே போகும் வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பில்லில் ஓட்டை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பில்லோடும் கூப்பனைப் பின் அடித்துக் கொடுக்கிறார்கள். கடைசி நாள் ஆனதால் ஒருசிலர் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். குப்பைக் கூடையில் ஒன்று கிடந்தது. எடுத்துத் துடைத்தேன்.

"ஆயா, என்னா பண்றீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"சீட்டுப் பொறுக்கறன். உனக்கு வேணுமா?"

"எனக்கு எதுக்கு? பொறுக்குங்க, பொறுக்குங்க."

கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு பையன் அவன் மனைவியோடு வந்தான். "தம்பி, அந்தச் சீட்டு..." என்று கை நீட்டினேன். நான் முடிக்கும் முன்னே பையில் கைவிட்டுப் பத்து ரூபாய்க் காசை என் கையில் வைத்துவிட்டான்.

"காசு நீயே வெச்சுக்கோ சாமி, பெட்ரோலுக்கு ஆவும். பில்லுல இருக்கற சீட்டக் குடு" என்றேன். அவன் முகம் சுண்டிப் போனது. மனைவி சிரித்துக்கொண்டே இரண்டு கூப்பனையும் கிழித்துக் கொடுத்தாள். மூன்றாயிற்று. சிப்ஸ் பாக்கெட் மட்டும் வாங்கிய காலேஜ் பையன்களிடம் கேட்டேன். அவர்களுக்குக் கூப்பனே வராதாம். நின்ற மேனிக்கு அரை மணி நேரம் கேட்டதில் ஒரு பெரியவர் ஒன்று கொடுத்தார். நான்கு.

அப்புறம் என் வயதில் ஒருத்தி வந்தாள். கையில் மஞ்சள் பை, கழுத்தில் கெட்டிச் சங்கிலி. அவளிடம் ஐந்து கூப்பன் இருந்தது; பர்ஸில் மடித்து வைத்திருந்தாள்.

"இதோட கெடு இன்னிக்கு முடியுது. அஞ்சை வெச்சு என்னா பண்ணப் போற?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல. அதுக்குன்னு உனக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"அப்ப கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டு. வர்றவங்க கும்புடட்டும்."

"மாட்டறன், மாட்டறன். நீ வந்து ஆணி அடி."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் கூப்பன் வரவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. வழக்கமாக எனக்கு அது பஞ்சமில்லாமல் வரும்.

"நில்லு. என் மருமவ மாவு ஆட்டி விக்கறன்னு மூணு மாசமா பஸ்ல மூட்டை தூக்கிச் சேத்தா. நான்தான் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் கெடுத்துட்டன். ஒம்போது போச்சு. அஞ்சு கொறையுது" என்றேன்.

அவள் திரும்பினாள். "பொட்டு வெச்சியா? கூப்பனுக்கா?"

"ஆமா."

"எங்க வெச்ச?"

"நட்டநடுவுல."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாட்ச்மேனும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாள். "எங்க வூட்டுல நான் ஏடிஎம் கார்டுக்கு வெச்சன். எம் பையன் இன்னும் பேசறதில்ல" என்று ஐந்தையும் என் கையில் அழுத்தினாள். "கெட்டியா ஆட்டச் சொல்லு உம் மருமவள. தண்ணி ஊத்தி ஏமாத்துனா விளங்காது."

உள்ளே திரும்பினால், மருமகள் ஊறுகாயை விட்டுவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் ஒன்பதையும் நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்தாள்; என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்களா?" என்றாள்.

"மோந்து பாத்துட்டன். குங்கும வாசன இல்ல."

மிஷின் ஒன்பது தடவையும் 'டிக்' என்றது. மேனேஜர் தானே கிரைண்டர் பெட்டியைத் தூக்கி வந்து கொடுத்தார். பஸ்ஸில் அதற்கு வைக்க இடம் இல்லை. சீட்டில் உட்கார்ந்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தொடை மரத்துப் போனது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "என்னா ஆயா, புது டிவியா?" என்றார்.

"எம் மருமவளோட கடை" என்றேன்.

பக்கத்தில் மருமகள் பொம்மிடிக்குப் போன் போட்டு அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசினாள்.

"கெடைச்சுருச்சும்மா! ஒம்போது கொறைஞ்சுபோச்சு... அத, மிஷின் கோளாறும்மா. அப்புறம் ரெண்டு பேருமா வாசல்ல நின்னு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் கேட்டு வாங்கிட்டோம்."

மிஷின் கோளாறு என்றாள். ரெண்டு பேரும் என்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமாம்மா, அத்தையும் நின்னாங்க" என்றாள்.

பெட்டி இன்னும் கொஞ்சம் நழுவியது. இழுத்து நேராக வைத்துக்கொண்டு, இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ் என்றால் எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்று அவளைக் கேட்டேன்.